மதியிறுக்கம் உள்ள பிள்ளையோடு கடற்கரை விடுமுறை: எந்த மாதம், எந்தக் கடல், எந்த அறை?

பள்ளி விடுமுறை நெருங்கினால் வீட்டில் எழும் முதல் கேள்வி: "இந்தத் தடவை எங்கே போறோம்?"

தேசாரு, பிந்தான், புக்கெட், லங்காவி... சிங்கப்பூரிலிருந்து ஓரிரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கடற்கரைகளுக்குக் குறைவில்லை (சோதனைச்சாவடி வரிசையைக் கணக்கில் எடுக்காவிட்டால்!). ஆனால் மதியிறுக்கம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இன்னும் பல கேள்விகள் காத்திருக்கும். படகில் ஏறுவானா? கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாளா? புது அறையில் தூக்கம் வருமா? யாரும் பார்க்காத நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டால்?

யோசித்து யோசித்து, "வேணாம், இந்த வருஷமும் வீட்டிலேயே இருந்திடலாம்" என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் உண்டு.

சிங்கப்பூரில் சுமார் 150 பிள்ளைகளில் ஒருவருக்கு மதியிறுக்கம் இருப்பதாக உடற்குறையுள்ளோருக்கான மூன்றாவது பெருந்திட்டம் குறிப்பிட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், நம் பள்ளியிலோ புளோக்கிலோ உறவுக்குள்ளோ இப்படி ஒரு குடும்பம் இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். ஆனால் பயணத்தைத் திட்டமிடும் வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். பொதுவாக நாம் முதலில் விலையைப் பார்ப்போம், பிறகு விடுதியின் படங்களை, கடைசியாக வானிலையை. இங்கே அது தலைகீழ். முதலில் கடல், பிறகு அறை, பிறகுதான் விலை.

கடல் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்காமல் போகிறது?

மதியிறுக்கம் உள்ளவர்களில் பலருக்கு ஒலி, ஒளி, தொடுதல், வாசனை போன்றவற்றை உணரும் விதம் மாறுபட்டிருக்கும். சிலருக்கு அளவுக்கு மீறி உறைக்கும். சிலருக்குப் போதாமல் இருக்கும். 2013ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் இது மதியிறுக்கத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

கடற்கரையை இந்தக் கோணத்தில் பாருங்கள். நீருக்குள் இறங்கினால் உடல் முழுதும் ஒரே சீரான அழுத்தம். அலை ஒரே தாளத்தில் வந்து போகிறது. யாரும் பேசச் சொல்வதில்லை. தண்ணீரைக் கண்டாலே முகம் மலரும் பிள்ளைகள் பலர் இருப்பதற்கு இது காரணமாக இருக்கலாம்.

அதே கடற்கரையில் கால்விரல் இடுக்கில் ஒட்டும் மணல், சன்ஸ்கிரீன் பிசுபிசுப்பு, கண்ணைக் கூசவைக்கும் வெயில், உப்புத் தண்ணீர் காய்ந்தபின் வரும் அரிப்பு, பக்கத்து விடுதியின் ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. ஒரே பிள்ளை நீரில் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, மணலில் நாலு அடி நடக்க மறுத்து அழலாம். இரண்டும் உண்மையான உணர்வுகள்தான். பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே தகராறு ஆரம்பித்துவிடும்.

மணலுக்கு ரப்பர் காலணி, சன்ஸ்கிரீனுக்குப் பதிலாகக் கைகால் மூடும் நீச்சலுடை, கூச்சத்துக்குத் தொப்பி என்று இவற்றுக்குத் தீர்வு கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. பெற்றோரே இதில் நிபுணர்கள். கடினமானது அடுத்த விஷயம்.

முதலில் பேச வேண்டியது பாதுகாப்பு

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெற்றோரை உலுக்கியது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில், மதியிறுக்கம் உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் மற்றப் பிள்ளைகளைவிடச் சுமார் 160 மடங்கு அதிகம் என்று அது கூறியது. அமெரிக்க மரணப் பதிவுகளை வைத்துச் செய்த கணக்கு அது. அப்படியே சிங்கப்பூருக்குப் பொருத்திவிட முடியாது. மொத்த எண்ணிக்கையாகப் பார்த்தால் இத்தகைய மரணங்கள் அரிதானவையே. ஆனாலும் 160 என்பது ஒதுக்கித் தள்ளக்கூடிய எண் அல்ல.

ஏன் இவ்வளவு வேறுபாடு? 2012ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவச் சஞ்சிகையில் வந்த மற்றோர் ஆய்வு அதற்கு ஒரு பகுதி விடை தருகிறது. மதியிறுக்கம் உள்ள 1,218 பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டபோது, அவர்களில் 49 விழுக்காட்டினர் தங்கள் பிள்ளை 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு ஓடிப்போக முயன்றதாகச் சொன்னார்கள். கவலைப்படும் அளவுக்கு நீண்ட நேரம் காணாமற்போன பிள்ளைகளில் 24 விழுக்காட்டினருக்கு நீரில் மூழ்கும் அபாயம் ஏற்பட்டிருந்தது.

பிள்ளை ஓடுவது குறும்பினால் அல்ல. பெரும்பாலும் பிடித்த ஒன்றை நோக்கி ஓடுகிறது, அல்லது தாங்கமுடியாத இரைச்சலைவிட்டு ஓடுகிறது. கடற்கரை விடுதியில் இரண்டுமே இருக்கின்றன. பிடித்தது நீர். பிடிக்காதது கூட்டம். கூட்டத்தைவிட்டு ஓடும் பிள்ளைக்கு அமைதியாகத் தெரியும் இடமும் நீர்தான்.

நம் குடும்பங்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தாத்தா, பாட்டி, சித்தி, மாமா, அவர்களின் பிள்ளைகள் என்று 12 பேர் கூட்டாகப் போவோம். பார்த்துக்கொள்ள இத்தனை பேர் இருக்கிறார்களே என்று தோன்றும். நடப்பது வேறு. "நீங்க பார்த்துக்கிறீங்கன்னு நினைச்சேன் மாமா" என்ற வாக்கியம் பிறப்பது இப்படிப்பட்ட நேரத்தில்தான். எல்லாரும் பார்க்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு தொப்பியையோ விசிலையோ வைத்துக்கொள்ளுங்கள். அதை அணிந்திருப்பவர்தான் அந்த 15 நிமிடத்துக்குப் பொறுப்பு. கைப்பேசி கிடையாது, அரட்டை கிடையாது, வடை எடுக்கப் போவதும் கிடையாது. 15 நிமிடம் முடிந்ததும், அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

பிள்ளையின் நீச்சலுடை நிறமும் முக்கியம். நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் நீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு நிறங்கள் தெரியும். பேசாத பிள்ளையென்றால் நனையாத கைப்பட்டையில் பெற்றோரின் கைப்பேசி எண் இருக்கட்டும், +65 சேர்த்து. வெளிநாட்டில் கண்டெடுப்பவர் அழைக்க அது வேண்டும்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் அறைக்குள்ளும் கழிவறையிலும் தேடி நேரத்தை விரயமாக்காதீர்கள். முதலில் நீர்ப்பக்கம் ஓடுங்கள். நீச்சல் குளம், கடல், அலங்காரக் குளம்கூட. மற்ற இடங்களை இன்னொருவர் பார்க்கட்டும். மூழ்குவது திரைப்படத்தில் வருவதுபோல் கையை ஆட்டிக் கத்தும் நிகழ்வு அல்ல. சத்தமே இல்லாமல் நிமிடங்களில் முடிந்துவிடும். உதவிக்கு மலேசியாவில் 999, தாய்லந்தில் அவசர மருத்துவத்துக்கு 1669, சுற்றுப்பயணக் காவல்துறைக்கு 1155, இந்தோனேசியாவில் 112.

நீச்சல் வகுப்புக்குப் போகும் பிள்ளையா? நல்லது. சிங்கப்பூரில் 2010ல் தொடங்கிய 'ஸ்விம்சேஃபர்' திட்டம் நீச்சலோடு நீர்ப் பாதுகாப்பையும் கற்றுத்தருகிறது. கூடுதலாக ஒன்றைப் பயிற்றுநரிடம் கேட்கலாம்: கடைசிச் சில வகுப்புகளில் சாதாரண உடையோடும் காலணியோடும் நீரில் இறங்கிப் பழக முடியுமா? ஓடிப்போகும் பிள்ளை நீச்சலுடை மாற்றிக்கொண்டு ஓடுவதில்லை.

ஜூனா, டிசம்பரா?

சிங்கப்பூரில் நீண்ட பள்ளி விடுமுறை ஆண்டுக்கு இருமுறை. ஜூனில் 4 வாரம், ஆண்டிறுதியில் 6 வாரம். இந்த இரண்டுக்கும் ஒரே கடற்கரை பொருந்தாது. பயண முகவர்களின் விளம்பரங்களில் இதைக் காண்பது அரிது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தென்சீனக் கடல் கொந்தளிக்கும். தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் நவம்பர் முதல் பிப்ரவரிவரை மூடியே இருக்கும். தேசாருவும் பிந்தானின் லாகோய் வட்டாரமும் மூடுவதில்லை. ஆனால் அவையும் அதே கடலைப் பார்த்துத்தான் இருக்கின்றன. டிசம்பரில் அங்கே போனால் அறை இருக்கும், சாப்பாடு இருக்கும், கடலில் இறங்க முடியாமற்போகலாம்.

மேற்குப் பக்கம் நிலைமை நேர்மாறு. புக்கெட்டின் மேற்குக் கரை அந்தமான் கடலைப் பார்த்தது. மே முதல் அக்டோபர்வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் கட்டா, காரோன், பாத்தோங் கடற்கரைகளில் சிவப்புக் கொடி பறக்கும் நாள்கள் அதிகம். கரையிலிருந்து ஆளை உள்ளே இழுத்துச் செல்லும் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் பலிவாங்கியிருக்கிறது. ஜூனில் புக்கெட் விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ச்சியடைய வேண்டாம். குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆக, ஜூன் என்றால் கிழக்கு: தேசாரு, பிந்தான், தியோமான். டிசம்பர் என்றால் மேற்கு: புக்கெட், லங்காவி. இது எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான விதிதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் சிவப்புக் கொடியைப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். மூன்று வாரமாகப் படம் காட்டி, "முதலில் படகு, பிறகு அறை, பிறகு கடல்" என்று தயார்படுத்தப்பட்ட பிள்ளைக்கு அது வேறு. சொன்னது நடக்கவில்லை. நாளின் ஒழுங்கே சரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஐஸ்கிரீமும் உதவாது.

அலையே வேண்டாம் என்று நினைப்போருக்கு லாகோயில் ஒரு வழி இருக்கிறது. டிரெஷர் பே வளாகத்தில் உள்ள கிரிஸ்டல் லகூன் 6.3 ஹெக்டர் பரப்புள்ள செயற்கை உப்புநீர்க் குளம். அலை இல்லை, பருவக்காற்றின் தொல்லையும் குறைவு. ஆனால் அதுவும் பெரிய நீர்நிலைதான். தொப்பி அணிந்த பொறுப்பாளர் அங்கேயும் வேண்டும்.

வற்றுப்பெருக்கு நேரத்தையும் பார்த்து வையுங்கள். நம் வட்டாரத்தில் சில நாள்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 3 மீட்டர்வரை ஏறி இறங்கும். காலையில் படியருகே இருந்த கடல் மாலையில் வெகுதூரம் போய்விட்டால், "கடல் எங்கே?" என்று தேடும் பிள்ளைக்கு விளக்குவது எளிதல்ல.

'மதியிறுக்கத்துக்கு உகந்தது' என்ற சான்றிதழ்

அமெரிக்காவின் சவுத் கரோலைனா மாநிலத்தில் உள்ள சர்ஃப்சைட் பீச் என்ற சிற்றூர் 2016ல் தன்னை மதியிறுக்கத்துக்கு உகந்த சுற்றுலாத் தலமாக அறிவித்துக்கொண்டது. கரீபியத் தீவுகளில் இயங்கும் பீச்சஸ் விடுதிக் குழுமம் 2017ல் தன் ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்துச் சான்றிதழ் பெற்றது. அந்தச் சான்றிதழை வழங்குவது ஐபிசிசிஇஎஸ் என்ற அமெரிக்க அமைப்பு. அரிசோனாவின் மேசா நகரம் 2019ல் நகரமாகவே அதைப் பெற்றது. விருந்தினர்களை நேரடியாகச் சந்திக்கும் ஊழியர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினர் பயிற்சி முடிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நல்ல தொடக்கம், மறுப்பதற்கில்லை. முகப்பில் இருக்கும் ஊழியர், பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசாததை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

ஆனால் சான்றிதழ் என்பது ஊழியர் பயிற்சியைப் பற்றியது. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அது சொல்லாது. சனிக்கிழமை இரவு இசைக்குழு எத்தனை மணிக்கு வாசிப்பை நிறுத்தும் என்றும் சொல்லாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவை வேறு. ஒரு பிள்ளைக்கு மங்கலான விளக்கு வேண்டும், இன்னொரு பிள்ளைக்கு இருட்டென்றாலே பயம். இருவருக்கும் ஒரே முத்திரை எப்படிப் பொருந்தும்?

நம் வட்டார விடுதிகள் முத்திரைக்குச் செலவு செய்வதற்குமுன் ஒரு சின்ன வேலை செய்யலாம். வாசலிலிருந்து அறைவரை, அறையிலிருந்து உணவகம்வரை, உணவகத்திலிருந்து கடல்வரை படம் எடுத்து இணையத்தளத்தில் போடட்டும். எந்த நேரம் கூட்டம் அதிகம், எந்த நேரம் அமைதி, உயிர்காப்பாளர் எத்தனை மணிவரை இருப்பார் என்று இரண்டு வரி எழுதட்டும். அதற்கு ஒரு நாள் போதும், பெரிய செலவும் இல்லை. பெற்றோருக்கு வேண்டியது பரிவு மட்டுமல்ல, தகவல்.

அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது, கதவைத் திறந்தால் நேரே நீச்சல் குளத்தில் இறங்கக்கூடிய தரைத்தள அறை. விலையும் அதிகம். ஓடும் பழக்கமுள்ள பிள்ளை இருந்தால் அந்த அறையைத் தவிர்ப்பதே நல்லது. பெற்றோர் குளியலறையில் இருக்கும் 3 நிமிடம் போதும்.

உயர்ந்த மாடி என்றால் பால்கனி கவலை. ஆகவே விடுதிக்கு மின்னஞ்சல் எழுதும்போது இவற்றைக் கேளுங்கள்: பால்கனிக் கதவை உள்ளேயிருந்து பூட்ட முடியுமா, சாவி தனியாக இருக்குமா? அறையிலிருந்து நீச்சல் குளம் எவ்வளவு தூரம், நடுவே வேலி இருக்கிறதா? மின்தூக்கிக்கும் இசைக்கூடத்துக்கும் எட்டத்தில் அறை கிடைக்குமா? பக்கத்து அறைக்கு இடைக்கதவு இருக்கிறதா? காலைச் சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவர முடியுமா, இல்லையென்றால் எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு?

பதிலைப் பார்த்தாலே விடுதியின் குணம் தெரிந்துவிடும். "எங்களிடம் எல்லா வசதியும் உண்டு, வாருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தால் அடுத்த விடுதியைப் பார்க்கலாம். வேலியின் படத்தை எடுத்து அனுப்பினால் அங்கே யாரோ கேள்வியைப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கதவு திறந்தால் ஒலிக்கும் சின்ன மணி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லலாம். மின்கலத்தில் இயங்கும், ஒட்டினால் போதும். வீட்டில் பிள்ளை போர்த்திக்கொள்ளும் அதே போர்வை, அதே தலையணை உறை பெட்டியில் இடம் பிடிக்கும்தான். இரவு 2 மணிக்கு அதன் அருமை தெரியும்.

வரிசையைக் கடப்பது எப்படி?

பயணத்தில் பல குடும்பங்களுக்குக் கடினமான பகுதி கடற்கரை அல்ல, அங்கே போய்ச் சேருவதுதான். பள்ளி விடுமுறையின்போது உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் போவோர் 3 மணி நேரம்வரை காத்திருக்க நேரிடலாம் என்று குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கிறது. 2024 மார்ச்சிலிருந்து காரில் செல்வோர் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். முகப்பில் நிற்கும் நேரம் குறைந்திருக்கிறது, ஆனால் முன்னால் நிற்கும் 400 கார்களை அது மறைத்துவிடாது. வார நாள் விடியற்காலையில் கிளம்புங்கள். அல்லது தானா மேரா முனையத்திலிருந்து படகில் போவதைப் பற்றி யோசியுங்கள். பிந்தானுக்கு ஒரு மணி நேரம், தேசாருவுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். படகு ஆடும் என்பதையும் பிள்ளைக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

விமானம் என்றால் சாங்கியில் உதவி உண்டு. வெளியே தெரியாத உடற்குறை உள்ள பயணிகள் அணிந்துகொள்ளச் சிறப்புக் கழுத்துப்பட்டை 2020ல் அறிமுகமானது. அதைப் பார்த்தால் பயிற்சிபெற்ற ஊழியர்கள் அணுகி உதவுவார்கள். புறப்பாட்டு நடைமுறையைப் படிப்படியாகப் படங்களோடு விளக்கும் கையேடும் விமான நிலைய இணையத்தளத்தில் உள்ளது. இத்தகைய கழுத்துப்பட்டைத் திட்டம் முதலில் 2016ல் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் ஆரம்பித்தது. மலேசியாவில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 'பட்டர்ஃபிளை எஃபெக்ட்' என்ற பெயரில் இப்படியொரு சேவையை நடத்துகிறது.

கழுத்துப்பட்டை அணிவது பற்றிப் பெற்றோரிடையே ஒரே கருத்து இல்லை. "என் பிள்ளை நெற்றியில் எழுதி ஒட்டணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிள்ளையால் சொல்ல முடிந்தால் அதன் விருப்பத்தைக் கேட்பதே முறை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பல குடும்பங்களின் நிம்மதி அதில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பவர் பேங்கைப் பயன்படுத்தி மின்னூட்ட முடியாது. பிள்ளை பார்க்கும் கைக்கணினியை வீட்டிலேயே முழுமையாக மின்னூட்டி, படங்களைப் பதிவிறக்கம் செய்துவிட்டுக் கிளம்புங்கள். பேசுவதற்கே அந்தக் கருவியைப் பயன்படுத்தும் பிள்ளை என்றால், படங்கள் அச்சிட்ட அட்டைகளும் பையில் இருக்கட்டும்.

மருந்து பற்றி ஒரு வரி. மதியிறுக்கத்தோடு கவனக் குறைபாடும் உள்ள பிள்ளைகள் சிலர் எடுத்துக்கொள்ளும் மெதில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவரின் கடிதம், மருந்தின் அசல் உறை இரண்டும் வேண்டும். போகும் நாட்டின் விதிமுறையை அதன் தூதரகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒத்திகை

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. கடல் அரை மணி நேர தூரத்தில் இருக்கிறது. வெளிநாட்டு விடுதிக்குப் பணம் கட்டுவதற்குமுன், கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலோ பாசிர் ரிஸ்ஸிலோ வார நாள் காலை 8 மணிக்கு ஒத்திகை பார்த்துவிடலாம்.

முதல் தடவை போய் 20 நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். மணலில் கால் வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அடுத்த தடவை காலணி, அதற்கடுத்த தடவை நீர். பிள்ளை நன்றாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று இழுத்தால் கடைசி நினைவு அழுகையாகிவிடும். பிறகு செந்தோசாவில் ஓர் இரவு தங்கிப் பார்க்கலாம். சரிப்படவில்லை என்றால் டாக்சி பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம், பிந்தானிலிருந்து அது முடியாது.

ஒத்திகையில் எடுக்கும் படங்களை வைத்தே ஒரு படக்கதை செய்துவிடலாம். அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1991ல் உருவாக்கிய 'சமூகக் கதை' முறை இதற்கு உதவும். இன்று பல சிறப்புக் கல்விப் பள்ளிகளில் அது பழக்கமான ஒன்று. "நான் படகில் ஏறுவேன். படகு ஆடும். அம்மா பக்கத்தில் இருப்பார்." அவ்வளவுதான். பள்ளி ஆசிரியரிடம் கேட்டால், பிள்ளைக்கு ஏற்கனவே பழகிய படக்குறிகளையே தருவார்.

கதையில் ஒரு பக்கம் கட்டாயம் இருக்க வேண்டும்: "சில நாள் கடலில் குளிக்க முடியாது."

2024 ஜூன் 14ஆம் தேதி, பள்ளி விடுமுறையின் நடுவே, பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் நிரப்பும் கப்பலில் மோதியது. ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கசிந்தது. மறுநாள் கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் கடற்கரை மூடப்பட்டது, செந்தோசாவில் கடலில் இறங்கத் தடை வந்தது. அன்று கடலுக்குப் போகத் தயாராக இருந்த பிள்ளைகளிடம் எத்தனை பெற்றோர் என்ன சொல்லிச் சமாளித்தார்களோ! எண்ணெய்க் கசிவை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் "கடல் மூடியிருந்தால் நீச்சல் குளம், குளமும் மூடியிருந்தால் அறையில் குளியல் தொட்டி" என்று படத்தோடு மாற்றுத் திட்டம் இருந்தால், பிள்ளைக்கு அதுவும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

சாப்பாடும் சுற்றியிருப்போரும்

வெள்ளைச் சோறும் பொரித்த நெத்திலியும் மட்டுமே சாப்பிடும் பிள்ளைக்கு, 80 வகை உணவு வைத்திருக்கும் விடுதியும் பட்டினி போடும் இடம்தான். சின்னச் சோறாக்கும் பாத்திரம் ஒன்றும் வழக்கமான பிஸ்கட்டும் மைலோவும் எடுத்துச் செல்லுங்கள். சமைக்க அனுமதி உண்டா என்று மட்டும் விடுதியிடம் கேட்டுவிடுங்கள். விடுமுறையில் புது உணவைப் பழக்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஒரு பயணத்தில் ஒரு புதுமை போதும். கடலே போதும்.

சுற்றியிருப்போரின் பார்வையைச் சமாளிப்பது இன்னும் சிரமம். பிள்ளை தரையில் விழுந்து கத்தும்போது, "கண்டிச்சு வளர்க்கணும்" என்று அறிவுரை சொல்ல முகம் தெரியாத ஒருவர் எங்கும் இருப்பார். நம் ஆட்கள் என்றால் தமிழிலேயே சொல்வார்கள், அது இன்னும் வலிக்கும். "மதியிறுக்கம்க்கா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். விளக்கம் சொல்லக் கடமை ஒன்றும் இல்லை. பார்ப்பவர் செய்யக்கூடிய உதவி எளிமையானது: இரண்டடி தள்ளி நின்று, கைப்பேசியை எடுக்காமல், வழிவிடுவது.

கூட வரும் தாத்தா பாட்டியிடம் கிளம்புமுன் பேசிவிடுவது நல்லது. "பேரனைக் கடலுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பழக்கிட்டா பயம் போயிடும்" என்று அன்போடு செய்யும் காரியம் ஒரு வருட முயற்சியைக் கெடுத்துவிடக்கூடும்.

அண்ணனையோ தங்கையையோ மறந்துவிடக் கூடாது. திட்டம் முழுதும் ஒரு பிள்ளையைச் சுற்றியே அமைந்துவிடும். ஒரு நாள் பிற்பகல் அப்பா ஒருவரோடு அறையில் இருக்க, அம்மா மற்றவரை அழைத்துக்கொண்டு அலைப்பலகையில் விளையாடப் போகட்டும். குடும்பமாக வந்தால் எல்லா நேரமும் எல்லாரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை.

திரும்பும் நாள்

நீரைவிட்டு வெளியே வரச் சொல்வதுதான் தினமும் நடக்கும் போராட்டம். "10 நிமிடம், 5 நிமிடம், 2 நிமிடம்" என்று மணல் கடிகாரத்தையோ கைப்பேசிக் கடிகாரத்தையோ காட்டுங்கள். வெளியே வந்ததும் என்ன என்பது முன்பே தெரிந்திருக்கட்டும்: துண்டு, நல்ல தண்ணீர்க் குளியல், பிடித்த பிஸ்கட். தினமும் அதே வரிசை. மூன்றாவது நாள் பிள்ளையே துண்டைத் தேடி வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்புவதைத் தவிர்க்கப் பாருங்கள். ஜொகூர் பாலத்தில் அன்றுதான் எல்லாரும் திரும்புவார்கள். வியாழனோ வெள்ளியோ வந்துவிட்டால் இரண்டு நாள் கையில் இருக்கும். துணி துவைக்க, மணலைத் தட்ட, பழைய நேரத்துக்குத் தூங்க, திங்கட்கிழமை பள்ளிப் பையைப் பழைய இடத்தில் மாட்டிவைக்க.